தேத்தண்ணிப் பூக்கள்

எங்கள் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்குத் தெரியாமல் போகலாம். யார் வீட்டில் ஏன் குழம்பு வைக்கவில்லை என்பது தெரியாமல் போனதே இல்லை. அப்படிப்பட்ட நானே, எதிர்வீட்டு மருதம்மாள் கோழிக்கூட்டு வலையை ஒரு சுருளாக மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்று ஏமாந்துவிட்டேன். கோழி வளர்க்கப் போகிறாள் என்று நினைத்து, "முட்ட என்ன வெலைக்குக் குடுப்ப?" என்று ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டேன்.

"கோழியில்லக்கா, பூவு" என்றாள்.

வலையில் பூ எப்படி முளைக்கும் என்று கேட்கத்தான் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அதற்கப்புறம் அவள் மகன் கல்யாணம் முடியும்வரை நான் என் வீட்டில் இருந்த நேரம் குறைவு.

மருதம்மாள் கூலிமில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சோறு போடுகிறவள். எங்கள் சுங்கை லாலாங்கில் இன்னும் கோழி கூவாத நேரத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். மாலையில் கறி வாசனையோடு இறங்குவாள். புருஷன் பழனியாண்டி பையன் சின்னவனாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பையன், சத்தியசீலன். பினாங்கில் எஞ்சினியர். அவனுக்குத்தான் கல்யாணம்.

பெண் அலோர் ஸ்டார் பக்கம், மெர்கோங். பெயர் தாரா. அப்பா அரியரத்தினம் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; அம்மா ஞானம்மா. யாழ்ப்பாணத்து ஆட்கள். கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொல்வதற்கு அவர்கள் ஒரு வாய்ப்பும் கொடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பேசி முடிக்க வந்தபோது மருதம்மாள் கலக்கிக் கொடுத்ததைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்கள். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் நாங்கள் பார்க்கிறம்" என்றார் ஞானம்மா. பார்த்தார்கள். மண்டபம் அவர்கள், சாப்பாடு அவர்கள், ஐயர் அவர்கள், ராத்திரி விருந்துக்கு ஹோட்டலும் அவர்கள். மாப்பிள்ளையைப் பெற்றவளுக்கு வந்து உட்காருகிற வேலை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

மருதம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதையும் சம்பந்தியிடம் கேட்கவில்லை, மகனிடம் கேட்டாள். வெங்காயம் உரித்துக் கொடுக்கிற சாக்கில் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"தாலி கட்டுன அன்னிக்கே பொண்ண நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துருய்யா. வாசல்ல நிக்க வெச்சு ஆலாத்தி எடுத்து, உள்ள வந்து வெளக்கேத்தி, ஒரு வாய் பாலு பழம் சாப்ட்டுட்டுப் போகட்டும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

"ஏம்மா இப்பிடிக் கெஞ்சுறீங்க? கண்டிப்பா வர்றோம்லா" என்றான் சத்தியசீலன், போனைப் பார்த்துக்கொண்டே.

அந்தப் பெண் வந்து நிற்கப் போகிற வாசலுக்குத்தான் பூ. கார் நிறுத்துகிற போர்ச்சின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் காகிதப் பூவால் மூடி, அதற்கு முன்னால் ஜோடியை நிற்க வைப்பது என்று மருதம்மாள் முடிவு செய்திருந்தாள். கேண்டீனில் யாரோ ஒரு பெண்ணின் போனில் அப்படி ஒரு படம் பார்த்தாளாம்.

கல்யாணப் பத்திரிகையும் போனில்தான் வந்தது. அதன் அடியில் 'தீம்: ஐவரி' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. மருதம்மாள் பக்கத்து வீட்டு ஷீலாவைக் கேட்டாள். ஷீலா கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்றால்கூட யூடியூப்பைக் கேட்டுவிட்டுத்தான் டாக்டரைக் கேட்பாள்.

"ஐவரின்னா யானைத் தந்தம் கலரு ஆண்டி. ரொம்ப வெள்ளையும் இல்ல, மஞ்சளும் இல்ல."

"அப்ப பூவும் அந்தக் கலர்லதானே இருக்கணும்?"

"இருந்தா மேட்ச்சாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். சிவப்பும் மஞ்சளுமாக நினைத்து வைத்திருந்ததையெல்லாம் மருதம்மாள் அந்த நிமிஷமே விட்டுவிட்டாள். மருமகள் வீட்டு ரசனைக்கு நாம் குறைவாக இருக்கக்கூடாது என்றாள். பீடோங்கில் உள்ள சீனர் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடையிலிருந்த வெள்ளைக் கிரேப் பேப்பர் அத்தனையையும் வாரி மேசைமேல் வைத்தாள். கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தாள்.

"சியாப்பா மாத்தி, காக்?" என்று மெல்லக் கேட்டாள்.

யார் செத்தது என்று கேட்கிறாள். அவர்கள் வழக்கத்தில் வெள்ளைக் காகிதப் பூ சவ லோரிக்குத்தான் போகும்.

"இல்ல, இல்ல! காவின்! அனாக் சாயா காவின்!" என்று மருதம்மாள் பதறினாள். என் பிள்ளைக்குக் கல்யாணம் என்று கேட்டதும் கடைக்காரம்மாவும் பதறிப்போய், உள்ளே ஓடி, சிவப்புத் தாள் ஒரு சுருளைக் கொண்டுவந்து சும்மாவே பையில் திணித்தாள். மருதம்மாள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதை அலமாரி மேல் போட்டுவிட்டாள். தீமில் சிவப்பு இல்லையே.

வாங்கி வந்த தாளோ சுண்ணாம்பு அடித்தமாதிரி பளீர் வெள்ளை. தந்தத்துக்கு எங்கே போவது? கேண்டீன்காரிக்குத் தெரிந்ததெல்லாம் தேத்தண்ணி. பால் சேர்க்காமல் தேயிலை மட்டும் போட்டுத் தேத்தண்ணியை நீர்க்கக் காய்ச்சி, ஆறவைத்து, பெயிண்டு பிரஷால் தாளில் தடவினாள். முக்கி எடுத்தால் கிரேப் தாள் சுருக்கம் விட்டு நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கிவிடும் என்பதை ஒரு சுருளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டாள். தடவின தாள் கொடியில் காய்ந்தபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், பழைய பியானோக் கட்டை மாதிரி ஒரு நிறம் வந்தது. நான் பியானோ பார்த்தது கோயில் பக்கத்துக் கான்வென்டில் ஒரே ஒரு தடவைதான், இருந்தாலும் அதே நிறம்.

அப்புறம் கைவேலை. இதழாக வெட்டி, நடுவை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துக் கிண்ணமாகக் குழிக்க வேண்டும். ஓரத்தைப் பென்சிலில் சுருட்ட வேண்டும். கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிப் பச்சை டேப்பால் இறுக்கி, கம்பியின் வாலைக் கோழிவலைக் கண்ணில் கோத்து முறுக்கிவிட வேண்டும். வேலை விட்டு வந்த களைப்பில் சாப்பிடாமல்கூட உட்கார்ந்துவிடுவாள் மருதம்மாள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். உதவி செய்ய என்று சொல்லிக்கொண்டோம். அந்த வீட்டுக் கதை கேட்கப் போனோம் என்பதுதான் நிஜம்.

பின்வீட்டுக் காளியம்மா செய்த ரோஜாவெல்லாம் முட்டைக்கோசு மாதிரி வந்தது. அவள் வாய் மட்டும் ஓயவில்லை.

"மருமக நிக்கிறதுக்கு இவ்ளோ பூவா? எங்க மாமியா என்னைய நிக்க வெச்ச எடத்துல ஒரு வாளியும் வெளக்கமாறுந்தான் இருந்துச்சு."

"அதான் நீங்க இன்னும் கூட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் ஷீலா.

மருதம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காளியம்மாவின் முட்டைக்கோசுகளை, குத்துவிளக்கு மறைக்கிற இடமாகப் பார்த்துக் கீழ்வரிசையில் கோத்தாள். என் பூக்களை எங்கே கோத்தாள் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

ஆலாத்தி எடுக்க என்னைத்தான் கேட்டாள். அவள் எடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளே ஒதுங்கிக்கொண்டாள். என் கழுத்தில் தாலி இருக்கிறது. கட்டியவர் தைப்பிங்கில் இன்னொருத்தி வீட்டில் இருக்கிறார். எங்கே இருந்தால் என்ன, உயிரோடு இருக்கிறார். சாஸ்திரத்துக்கு அது போதும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வலையைத் தூக்கிச் சுவரில் கட்டினோம். நடுவில் 'சத்தியா – தாரா' என்று போலிஸ்டைரீன் நுரையில் வெட்டிய எழுத்துகள். நான் வாயால் புகழ்கிற ஆள் இல்லை. அன்றைக்கு ரோடுவரை பின்னால் போய் நின்று பார்த்தேன். சாயங்கால வெயில் பட்டதும் அத்தனை பூவும் பாலாடை மாதிரி இருந்தது. காளியம்மா உடனே தலையைக் கோதிக்கொண்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு, பூவுக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்தாள்.

மருதம்மாள் கையில் இருந்த டேப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வேணாக்கா, கோவிச்சுக்காதீங்க. மொத மொத பொண்ணு மாப்ள நிக்கட்டும். ஜோடியா நின்னப்புறம் யாரு வேணாலும் நில்லுங்க."

"படம் புடிச்சா பூவு தேஞ்சிருமா?"

"தேயாது. இருந்தாலும் ஜோடிக்காகக் கட்டுனது. வேற ஆளு, ஒத்த ஆளா, முன்னாடி நின்னா நல்லாருக்காதுக்கா. நாளைக்கு அதுங்க வாழ்க்கையில எதும் ஒன்னுன்னா எனக்கு இதான் ஞாபகம் வரும்."

புதுப் பாயில் ஜோடிதான் முதலில் உட்காரும் என்பது கேள்விப்பட்டிருக்கிறேன். காகிதப் பூவுக்கு இப்படி ஒரு முறை கிடையாது, இது அவளாகவே சேர்த்துக்கொண்டது. காளியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள். நானும் அடுத்ததாக நிற்கலாம் என்று பவுடர் போட்டு வந்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வேன் பிடித்து அலோர் ஸ்டார் போனோம். மண்டபத்தில் காலெடுத்து வைத்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பெண் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தந்தக் கலர் சேலையில் இருந்தார்கள். பூவெல்லாம் ஊதா. தீம் என்பது விருந்தாளிகள் உடுத்திக்கொண்டு வரவேண்டிய கலராம், பூவுக்கு இல்லையாம். எங்கள் வேன் கூட்டம் பச்சையும் ரோஸும் மயில்கழுத்துமாகப் பழக்கடை மாதிரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். மருதம்மாளை மேடையில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டும்போது முன்னால் இருந்த கேமராக்காரன் முதுகுக்கு மேல் எக்கி எக்கிப் பார்த்தாள். அட்சதையைத் தூக்கிப் போட்டாள். அது கேமராக்காரன் தலையில் விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மகனைப் பிடித்துவிட்டாள்.

"எப்பய்யா வருவீங்க?"

"இதெல்லாம் முடிஞ்சதும் கெளம்பிருவோம்மா. நீங்க முன்னாடி போங்க."

பாயாசம் வருவதற்குள் எழுந்துவிட்டாள். எழுந்ததோடு விடாமல் எங்களையும் எழுப்பிவிட்டாள். வேனில் வரும்போது காளியம்மா ஆரம்பித்தாள்.

"ஏம்மா மருதம்மா, தீமு பூவுக்கு இல்லையாமே, சீலைக்காமே. நீ பூவுக்கு தேத்தண்ணி ஊத்துன, சீலைக்கு ஊத்தியிருக்கணும்."

வேனே சிரித்தது. மருதம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதனால என்னக்கா. அந்தப் புள்ள கூறைச்சீல செவப்புதானே. இந்தக் கலரு முன்னாடி நின்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் பால் வைத்தாள். நான் ஆலாத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சிவப்புப் பார்த்து வைத்தேன். தாமானே போர்ச்சுக்கு முன்னால் கூடிவிட்டது. கார், வேன் என்று எந்தக் காடி ரோட்டில் திரும்பினாலும் பிள்ளைகள் "வந்துட்டாங்க!" என்று கத்தும். ஒன்று ரொட்டி வேன், ஒன்று கேஸ்காரன், ஒன்று யாரோ வழி கேட்டு வந்த மலாய்க்காரர். அவருக்கு வழி சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினோம். பால் ஆறும், மறுபடி சூடாகும், ஆடை கட்டும், அவள் ஆடையை எடுத்துவிட்டு மறுபடி சூடாக்குவாள். ஒற்றைக் கையில் கரண்டியும் ஒற்றைக் கையில் போனுமாக நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடவில்லை, இருந்தாலும் கேட்டது.

"மா, போட்டோ எடுத்து முடிக்கவே இவ்ளோ நேரமாயிருச்சுமா. இப்ப வந்துட்டுத் திரும்ப ராத்திரி ஹோட்டலுக்கு ஓடி வரமுடியாது. நாளைக்குக் காலைல பாலிக்குப் போறோம்ல, ஏர்போர்ட் போற வழிதானே நம்ம வீடு. என் பாஸ்போர்ட்டும் அங்கதான் இருக்கு. கண்டிப்பா வர்றோம்."

"சரிய்யா. நிதானமா வாங்க" என்றாள். எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலைல வராங்களாம். பாவம், அலைச்சல்" என்றாள். பாலைக் கூடியிருந்த பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். காளியம்மா கிசுகிசுப்பாக, "அப்ப நாம ஒரு படம்..." என்று இழுத்தாள்.

"நாளைக்குக்கா" என்றாள் மருதம்மாள்.

மறுநாள் கூட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வேண்டிய ஏமாற்றத்தை எல்லோரும் நேற்றே பார்த்துவிட்டார்கள். நானும் காளியம்மாவும் மட்டும் பசியாறாமல்கூட வந்து உட்கார்ந்திருந்தோம். புதிதாகப் பால், புதிதாக ஆலாத்தி. மருதம்மாள் நேற்றைய பச்சைப் பட்டுச்சேலையையே மறுபடி கட்டியிருந்தாள்.

வெள்ளைக் காடி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. சத்தியசீலன் மட்டும் இறங்கினான், டீஷர்ட்டும் அரைக்கால் சிலுவாருமாக. கழுத்தில் மாலை கசங்கின மஞ்சள் கறை மட்டும் மிச்சம் இருந்தது.

"மா, பாஸ்போர்ட்டு எங்க? லேட்டாயிருச்சு."

"பொண்ணுய்யா?"

"தூங்குறா. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, தலைவலி, ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டா. வந்ததும் எழுப்புன்னு சொல்லிட்டுத்தான் படுத்தா..." அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். அதை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாய் கொஞ்சம் திறந்தது. "இது... நீங்க செஞ்சதாமா?"

 மருதம்மாள் உள்ளே போய்ப் பால் கிளாசையும் வாழைப்பழத்தையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு காடியை நோக்கி நடந்தாள். நான் ஆலாத்தித் தட்டோடு பின்னால் போனேன். காளியம்மா எனக்குப் பின்னால்.

அந்தப் பெண் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். கூறைச்சேலை இல்லை, ஏதோ ஒரு பெரிய டீஷர்ட். முகத்தில் மேக்கப் முழுசாகப் போகவில்லை, கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது. தலையில் பின்கள் இன்னும் அப்படியே இருந்தன. மருதாணிக் கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, பள்ளி பஸ்ஸில் தூங்குகிற பிள்ளை மாதிரி தூங்கினாள். அவளைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அது எங்கே போனது என்று தெரியவில்லை.

"தட்டும்மா கண்ணாடிய" என்றாள் காளியம்மா. "ஒரு நிமிசந்தானே. எறங்கி நின்னுட்டுப் போகட்டும்."

மருதம்மாள் கையைத் தூக்கினாள். விரல் மடங்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனது. அங்கேயே நின்றது. உள்ளே அந்தப் பெண் தூக்கத்தில் புருவத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தளர்ந்தாள். மருதம்மாள் கையை இறக்கிவிட்டாள்.

"வேணாக்கா. மொத மொத வாசலுக்கு வர்ற புள்ளைய அரட்டி எழுப்பக்கூடாது. தூங்கட்டும்."

சத்தியசீலன் பாஸ்போர்ட்டோடு வந்துவிட்டான். தட்டையும் அம்மாவையும் பார்த்தான். "மா, வாங்க. நானும் நீங்களும் ஒரு படம் எடுத்துக்குவோம், அந்தப் பூவுக்கு முன்னாடி. ஆண்டி, நீங்க எடுங்க" என்று போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். அம்மாவின் தோளில் கைபோட்டு அவன் இழுக்க, கூடவே இரண்டு எட்டு நடந்தாள்.

பிறகு நின்றுவிட்டாள்.

"வேணாய்யா. ஜோடியில்லாம அதுல நிக்கக்கூடாது. உனக்கு நல்லதில்ல."

"என்னாமா இது, சும்மா ஒரு படம்தானே!"

"நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னப்புறம் நான் நிக்கிறேன். போய்ட்டு வா. ஏர்போர்ட்டுக்கு லேட்டாவுது பாரு."

அவள் போட்ட முறை. அவளே மீறியிருந்தால் கேட்க அங்கே யாரும் இல்லை, நானும் காளியம்மாவும்தான். எங்கள் வாயைக்கூட ஒரு நாளைக்கு அடைத்து வைத்திருப்போம். அவன் பாலை நின்ற இடத்திலேயே குடித்தான். பழத்தைத் தாராவுக்கு என்று டாஷ்போர்டில் வைத்தான்.

"இத என்னா செய்யிறது?" என்றேன், ஆலாத்தித் தட்டைக் காட்டி.

"காடிக்கே சுத்திருங்கக்கா" என்றாள். "உள்ள ரெண்டு பேரும் இருக்காங்கல்ல."

சுற்றினேன். முன்கண்ணாடிக்கு முன்னால் நின்று, தூங்குகிற பெண்ணுக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்த பையனுக்கும் சேர்த்துச் சுற்றினேன். பொட்டு வைக்க நெற்றி எட்டவில்லை; விரலில் தொட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தேன், புதுக் காடிக்கு வைக்கிற மாதிரி. சிவப்புத் தண்ணீரை ரோட்டில் ஊற்றினேன். காடி அதன்மேல் ஏறிப் போனது. ரோட்டு முனை திரும்பும்வரை டயர்த் தடம் சிவப்பாகப் போய், அப்புறம் வெறும் தார் ரோடாயிற்று.

பாலியிலிருந்து வந்தார்கள். பினாங்கில் வீடு பார்த்தார்கள். அந்தப் பெண் போன் போட்டு, "மன்னிச்சுக்கோங்கோ மாமி, இவர் என்னை எழுப்பவே இல்லை" என்று அழுததாக மருதம்மாள் சொன்னாள். "நாந்தான் வேணாம்னேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அடுத்த வாரம் என்றார்கள், அவனுக்கு வேலை. அதற்கடுத்த வாரம், அவளுக்கு வேலை. தலைத் தீபாவளிக்குப் பெண் வீட்டுக்குத்தான் போகவேண்டும், அது முறை, அதில் மருதம்மாளே பிடிவாதமாக இருந்தாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழைக்குச் சாரல் அதிகம். போர்ச்சுக்குக் கூரை இருந்தும் ஓரத்துப் பூவெல்லாம் நனைந்து, தேத்தண்ணி வடிந்து, சுவரில் பழுப்பாகக் கோடு இறங்கியது. கம்பெனி பஸ் இறங்கியதும் மருதம்மாள் உடுப்புகூட மாற்றாமல் கெட்டுப்போன பூக்களை முறுக்கவிழ்த்து எடுப்பாள். ராத்திரி புதிதாகச் செய்து அந்தக் கண்ணிலேயே கோப்பாள். பீடோங் கடைக்காரம்மா இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லையாம். அவளைக் கண்டதுமே வெள்ளைத் தாளை எடுத்து வைத்துவிடுகிறாளாம். முதலில் நாங்கள் கேலி பேசினோம். "புதுசாக் கோழி முட்ட போட்டுச்சா?" என்று நான்தான் கேட்பேன். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேலிக்கு ருசி போய்விட்டது.

போன வாரம் ஷீலா குழந்தைக்கு முதல் பிறந்தநாள். வெட்கப்பட்டுக்கொண்டே போய்க் கேட்டாள். நானும் கூட நின்றேன்.

"ஆண்டி, அந்தப் பூவ ஒரு நாளைக்கு மட்டும் தர்றீங்களா? கேக்கு வெட்டுறதுக்குப் பின்னாடி வெச்சுக்கிறேன். அப்பிடியே பத்திரமாக் கொண்டாந்து கட்டிர்றேன்."

மருதம்மாள் நிஜமாகவே சங்கடப்பட்டாள். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம் அது. உள்ளே போய் அலமாரி மேலிருந்த சிவப்புத் தாள் சுருளை எடுத்து வந்தாள்.

"இதுல செஞ்சு தர்றேம்மா, ராத்திரியே ஒக்காந்து செஞ்சிர்றேன். புள்ளைக்குச் செவப்புதான் நல்லாருக்கும். அது வேணாம், அத இன்னும் யாரும் தொறக்கல."

கல்வெட்டும் ரிப்பனுமாகத் திறப்புவிழாவுக்குக் காத்திருக்கிற கட்டடம் மாதிரி சொன்னாள். ஷீலா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். சொன்னபடியே செய்தும் கொடுத்தாள். பிறந்தநாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சிவப்புப் பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காளியம்மா மூன்று விதமாக நின்றாள்.

விருந்து முடிந்து நான் வீட்டுக்குத் திரும்பும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிர்வீட்டுப் போர்ச்சில் விளக்கு எரிந்தது. நனைந்த பூவைக் காயவைக்க, கூடத்து மின்சாரக் காத்தாடியை வயரை நீட்டி வெளியே கொண்டுவந்து போட்டிருந்தாள் மருதம்மாள். அது தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தது. நடுவில் வைத்தால் எல்லாப் பூவுக்கும் ஒரே மாதிரி காற்றுப் படும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஜோடி நிற்க வேண்டிய நடுவை விட்டுவிட்டு ஓரமாகத்தான் வைத்திருந்தாள். அவளும் ஓரமாகத்தான் நின்றிருந்தாள்.